அக்ராவில் குடியேறுகிறவர்களுக்கு: எதை முதலில் செய்வது, எதற்குப் பணம் எடுத்து வைப்பது

கானாவில் வேலை கிடைத்ததும் நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம் வரும். விசா, விமான டிக்கெட், சம்பளம் எல்லாம் அதில் இருக்கும். தலைநகர் அக்ராவில் வீட்டுக்காரர் 2 வருட வாடகையை மொத்தமாகக் கேட்பார் என்பது மட்டும் இருக்காது. அடையாள அட்டை கையில் வரும்வரை வங்கிக் கணக்கு தொடங்க முடியாது, கணக்கு இல்லாமல் சம்பளம் வராது என்பதையும் யாரும் முன்னால் சொல்ல மாட்டார்கள். இந்த ஊரில் வாடகை, கரண்ட், போன், கேஸ் எல்லாவற்றுக்கும் முதலில் காசு, பிறகுதான் சேவை. அதனால் முதல் சில மாதங்கள் சம்பாதிக்க வந்தவர் செலவழித்துக்கொண்டேதான் இருப்பார். எந்த வரிசையில் செய்தால் அலைச்சலும் செலவும் குறையும் என்பதை நான் பட்ட பாட்டிலிருந்து எழுதுகிறேன்.

1. ஊரிலேயே முடித்துவிட வேண்டியவை

முதல் வேலை மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. இது இல்லாமல் கானாவுக்குள் விட மாட்டார்கள். ஊசி போட்ட 10 நாளுக்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லும் என்பதால் டிக்கெட் போடும் முன்பே தேதி வாங்கிவிடுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். எல்லா நாளும் போடுவதில்லை, விசாரித்துவிட்டுப் போங்கள். அந்த மஞ்சள் புத்தகம் இப்போது ஆயுள் முழுக்கச் செல்லும். திரும்பி இந்தியாவுக்கு வரும்போதும் அதைக் கேட்பார்கள். இல்லையென்றால் 6 நாள்வரை தனிமைப்படுத்தலாம். பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

விசா டெல்லியில் உள்ள கானா தூதரகம் மூலம்தான். அந்த வேலையோடு சேர்த்து, பாஸ்போர்ட் அலுவலகத்தில் போலீஸ் சரிபார்ப்புச் சான்றிதழுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். கானாவில் வேலை அனுமதி எடுக்கும்போது அது வேண்டும். அங்கே போன பிறகு வாங்க முயன்றால் வாரக்கணக்கில் இழுக்கும். பட்டச் சான்றிதழ்களின் சான்றளித்த நகல்கள், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, கை நிறையப் பாஸ்போர்ட் அளவு புகைப்படங்கள் என எல்லாவற்றையும் கைப்பெட்டியில் வையுங்கள்.

பெட்டி கட்டும்போது சில விஷயங்கள். ராணுவப் பச்சைத் திட்டு போட்ட பேன்ட், தொப்பி, பை எதுவும் வேண்டாம்; கானாவில் பொதுமக்கள் அதை அணியத் தடை இருக்கிறது. மின்சாரம் நம் ஊர் மாதிரியே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதனால் மிக்ஸி, கிரைண்டர் தாராளமாக ஓடும். ஆனால் சுவரில் இருப்பது தட்டையான மூன்று கால் கொண்ட பிரிட்டிஷ் பிளக் பாயின்ட், நம் உருண்டைக் கால் அதில் நுழையாது. அடாப்டர் நாலைந்து வாங்கிக்கொள்ளுங்கள். குக்கருக்கு மாற்று கேஸ்கட்டும் வெயிட்டும் கண்டிப்பாக வேண்டும். டாலர் கொண்டுவந்தால் மடிப்போ கிறுக்கலோ இல்லாத புது 100 டாலர் நோட்டுகளாகக் கொண்டு வாருங்கள். சின்ன நோட்டுகளுக்கும் பழைய நோட்டுகளுக்கும் மாற்றுக்கடைகளில் குறைத்துத்தான் கொடுப்பார்கள்.

2. விமான நிலையத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள்

குடியேற்ற அதிகாரி பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி, எத்தனை நாள் என்று அதில் குறிப்பார். விசாவில் என்ன எழுதியிருந்தாலும் அந்த நாள்தான் கணக்கு. 30 ஆகவும் இருக்கலாம், 60 ஆகவும் இருக்கலாம். கவுன்டரை விட்டு நகரும் முன் பாருங்கள். குறைவாக இருந்தால் அங்கேயே பணிவாகக் கேளுங்கள். அந்த நாள் தாண்டினால் அபராதம் உண்டு. “விசா 3 மாதம் இருக்கிறதே” என்ற வாதம் எடுபடாது. வெளியே வந்ததும் உங்கள் பெட்டியைத் தள்ள நாலு பேர் வருவார்கள். வேண்டாமென்றால் வண்டியில் அவர்கள் கை வைக்கும் முன்பே சொல்லிவிடுங்கள், வைத்த பிறகு காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

3. அனுமதி, பிறகு அட்டை

வேலை அனுமதி, அடுத்து கானா குடியேற்றத் துறையின் வசிப்பு அனுமதி. இரண்டையும் நிறுவனம்தான் எடுத்துத் தர வேண்டும். வசிப்பு அனுமதி பொதுவாக ஒரு வருடத்துக்குத் தருவார்கள், பிறகு புதுப்பிக்க வேண்டும். வேலையை ஒப்புக்கொள்ளும் முன் நிறுவனத்திடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “வெளிநாட்டவரை வேலைக்கு வைக்க உங்களுக்கு ஒதுக்கீடு இருக்கிறதா?” பதில் மழுப்பலாக வந்தால் யோசியுங்கள். “முதலில் விசிட் விசாவில் வந்துவிடுங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்கிறவர்களை நம்பி வராதீர்கள். பிடிபட்டால் மாட்டுவது நீங்கள்தான், அவர்கள் இல்லை.

அடுத்தது கானா அட்டை, அதாவது இந்த நாட்டின் அடையாள அட்டை. 90 நாளுக்கு மேல் தங்குகிற வெளிநாட்டவருக்குத் தனி அட்டை உண்டு. நான் அறிந்த கட்டணம் முதல்முறை 120 டாலர், பிறகு ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க 60 டாலர். குடும்பத்தோடு வருகிறீர்கள் என்றால் தலைக்கு இவ்வளவு என்று பெருக்கிக்கொள்ளுங்கள். இதை யார் கட்டுவது என்பதை வேலை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். பல நிறுவனங்கள் ஊழியருக்குக் கட்டிவிட்டு மனைவி மக்களுக்குக் கையை விரித்துவிடும். 2022 ஜூலையிலிருந்து வங்கி வேலைகளுக்கு இந்த அட்டை ஒன்றுதான் அடையாளம். நிரந்தர சிம் பதிவுக்கும் இதையே கேட்பார்கள். அட்டை வரும்வரை கைச்செலவுக்குக் குறைந்தது 2 மாதப் பணம் தனியாக வைத்திருங்கள்.

4. சிம்மும் மொபைல் பணமும்

வந்தவுடன் பாஸ்போர்ட்டைக் காட்டித் தற்காலிக சிம் வாங்கலாம். அட்டை வந்ததும் அதோடு இணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எண் முடங்கும். எம்டிஎன், டெலிசெல் ஆகியவை முக்கிய நிறுவனங்கள். பெரும்பாலோர் எம்டிஎன்தான்.

சிம்மைவிட முக்கியம் அதில் இயங்கும் மொபைல் பணம், இங்கே சுருக்கமாக ‘மோமோ’. தெருமுனையில் ஒரு மேஜை, மேலே ஒரு குடை, அதன் கீழே ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். அவரிடம் காசைக் கொடுத்தால் உங்கள் போனில் ஏறிவிடும், வேண்டும்போது திரும்ப எடுக்கலாம். எம்டிஎன் என்றால் *170# அடித்தால் போதும், ஸ்மார்ட்போனே தேவையில்லை. தக்காளிக்காரம்மாவிலிருந்து குழாய் ரிப்பேர்காரர்வரை எல்லோரும் வாங்குவார்கள். மின்னணுப் பரிமாற்றங்களுக்குப் போட்டிருந்த வரியை 2025 ஏப்ரலில் நீக்கிவிட்டார்கள். நிறுவனத்தின் சேவைக் கட்டணம் மட்டும்தான் போகும்.

பொறி எது என்றால், யாரோ போன் செய்து “தவறுதலாக உங்கள் எண்ணுக்குப் பணம் அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்” என்பார். பணம் வந்ததாகக் குறுஞ்செய்தியும் இருக்கும். அது நிறுவனம் அனுப்பியதல்ல, அவரே தட்டச்சு செய்து அனுப்பியது. எப்போதும் இருப்பைப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும். ரகசிய எண்ணை நிறுவனத்திலிருந்து பேசுகிறேன் என்று சொல்கிறவரிடமும் சொல்லக் கூடாது.

5. வீடு: பணம் அதிகம் போகும் இடம்

சென்னையில் 6 மாதமோ 10 மாதமோ அட்வான்ஸ் கொடுப்போம், காலி செய்யும்போது பெயின்ட் செலவைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். அக்ராவில் கொடுக்கும் அட்வான்ஸ் திரும்பி வராது. அது வாடகையேதான், மாதாமாதம் கழிந்துகொண்டே போய் கடைசியில் பூஜ்யமாகும். 1963 ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி 6 மாதத்துக்கு மேல் முன்வாடகை கேட்கக் கூடாது. நடைமுறையில் 1 வருடம் என்பது குறைந்தபட்சம், 2 வருடம் சர்வசாதாரணம். சட்டத்தைச் சொல்லி வாதாடினால் வீட்டுக்காரர் சிரித்துவிட்டு அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார். நிறுவனம் வாடகையைக் கடனாகத் தந்து சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுமா என்று கேளுங்கள், பல இடங்களில் தருகிறார்கள்.

கணக்கு இப்படிப் போகும். மாதம் 400 டாலர் வீடு என்று வைத்துக்கொள்வோம். 1 வருட முன்வாடகை 4,800. தரகருக்கு 10 சதவீதம், 480. ஆக 5,280 டாலர் கொடுத்தால்தான் சாவி. 2 வருடம் என்றால் இரட்டிப்பு. தரகர்கள் வீடு காட்டுவதற்கே தனியாக ஒரு தொகை கேட்பார்கள். பிடிக்காத வீடுகளாகவே காட்டி அதிலேயே பிழைக்கிறவர்களும் உண்டு. “முதலில் படமும் வீடியோவும் அனுப்புங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்” என்று சொல்லி வடிகட்டுங்கள்.

டாலரில் வாடகை சொன்னால், எந்தத் தேதியின் மாற்று விகிதத்தில் உள்ளூர் நாணயமான செடியாக மாற்றுவது என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கானா செடி ஏறி இறங்கும் வேகத்தில், கையெழுத்துக்கும் பணம் கட்டுவதற்கும் இடையே சில நாள் போனாலே தொகை மாறிவிடும்.

எந்தப் பகுதி? கன்டோன்மென்ட்ஸ், லபோன், ஏர்போர்ட் ரெசிடென்ஷியல், ஈஸ்ட் லெகான் எல்லாம் விலை கூடிய இடங்கள். ஓசு கடைகளும் உணவகங்களும் நிறைந்த பகுதி, இரவில் சத்தம் இருக்கும். அடென்டா, மதினா, ஸ்பின்டெக்ஸ், டான்சோமான் பக்கம் போகப் போகக் குறையும், ஆனால் அலுவலகம் போய்ச்சேரும் நேரம் கூடும். என் கருத்தில், வாடகை கொஞ்சம் கூடினாலும் வேலை இடத்துக்குப் பக்கத்தில் பிடிப்பதே மிச்சம். வெளிப்புறப் பகுதிகளில் இருப்பவர்கள் விடியும் முன்பே சாலையில் நிற்கிறார்கள்.

வீடு பார்க்கும்போது அறைகளின் அழகைப் பிறகு பாருங்கள், முதலில் சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். முழங்கால் உயரத்தில் கோடு போட்ட மாதிரி கறை இருந்தால் ஜூனில் தண்ணீர் உள்ளே வரும். ஜூன்தான் இங்கே பெருமழை மாதம். 2015 ஜூன் 3 அன்று க்வாமே இங்க்ருமா சர்க்கிள் அருகே வெள்ளமும் பெட்ரோல் நிலைய வெடிப்பும் சேர்ந்து 150-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கனேஷி, அலாஜோ, சர்க்கிளைச் சுற்றிய தாழ்வான இடங்களில் வீடு மலிவாகக் கிடைத்தால் காரணம் அதுவாக இருக்கலாம். புதுப் பெயின்ட் வாசம் அடித்தால் பக்கத்து வீட்டுச் சுவரையும் பாருங்கள்.

இரண்டாவது முறை பார்க்க ஞாயிறு காலை போங்கள். பக்கத்துச் சர்ச்சின் ஒலிபெருக்கி எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். சில சர்ச்சுகளில் வெள்ளி இரவு விடியவிடிய ஜெபம் நடக்கும். மாரியம்மன் கோயில் திருவிழா மைக்கோடு வளர்ந்தவர்களுக்குப் பெரிய அதிர்ச்சி இருக்காது, ஆனால் இது வாராவாரம்.

அக்ராவில் பல மதில்களில் ‘இந்த வீடு விற்பனைக்கல்ல’ என்று சிவப்புப் பெயின்ட்டில் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைக் காண்பீர்கள். ஒரே சொத்தை இரண்டு மூன்று பேருக்கு விற்கும் தகராறுகள் அவ்வளவு. வாடகைக்கும் அந்த எச்சரிக்கை வேண்டும். பணத்தை வாங்குகிறவர் உரிமையாளரா, பராமரிப்பாளரா, உரிமையாளரின் தம்பியா என்று ஆவணத்தோடு கேளுங்கள். பணத்தை வங்கி மூலமே கொடுங்கள், ரசீது இல்லாமல் ஒரு செடிகூட வேண்டாம்.

6. கரண்ட், தண்ணீர், கேஸ்

கரண்ட் முன்கட்டண மீட்டரில் வரும். காசு தீர்ந்தால் விளக்கு அணைந்துவிடும், நடு ராத்திரியாக இருந்தாலும். மின் நிறுவனமான ஈசிஜியின் செயலியிலோ கடைகளிலோ ஏற்றிக்கொள்ளலாம். வார இறுதிக்கு முன் இருப்பைப் பாருங்கள். ஒப்பந்தத்துக்கு முன் கேட்க வேண்டியது: மீட்டர் தனியா, பொதுவா? பொதுவென்றால் மேல்வீட்டு ஏசிக்கும் நீங்கள் பங்கு கட்டுவீர்கள். முந்தைய குடித்தனக்காரர் பாக்கி வைத்துப் போயிருக்கிறாரா என்பதையும் பாருங்கள். பாக்கி இருந்தால் நீங்கள் ஏற்றும் பணத்தில் அது பிடிபடும்.

மின்வெட்டை இங்கே ‘தும்சோர்’ என்கிறார்கள். சில காலம் மாதக்கணக்கில் தொல்லை இருக்காது, பிறகு திடீரென்று தொடங்கும். இன்வெர்ட்டர் வாங்க முடியாவிட்டாலும் ஃபிரிட்ஜுக்கு ஒரு ஸ்டெபிலைசர் அவசியம். வெட்டைவிடத் திரும்பி வரும்போது எகிறும் வோல்டேஜ்தான் சாமான்களைக் கெடுக்கும்.

குழாய்த் தண்ணீர் பல பகுதிகளில் தினமும் வராது. வாசலில் நிற்கும் கறுப்புத் தொட்டியை எல்லோரும் ‘பாலிடேங்க்’ என்பார்கள். அது எத்தனை லிட்டர், உங்களுக்கு மட்டுமா, வற்றினால் லாரித் தண்ணீர் செலவு யாருடையது என்று கேளுங்கள். குடிக்க அரை லிட்டர் பாக்கெட் தண்ணீர்தான், 30 பாக்கெட் கொண்ட மூட்டையாக வாசலுக்கே கொண்டுவந்து போடுவார்கள். சிலிண்டர் நீங்களே சொந்தமாக வாங்க வேண்டும், காலியானால் நிலையத்துக்கு எடுத்துப் போய் எடைக்கு நிரப்பிக்கொள்ளலாம். தெருப் பையன் ஒருவனிடம் சொன்னால் சின்னத் தொகைக்கு அவனே நிரப்பி வருவான்.

7. ஊருக்குள் போய்வர

வண்டிகள் வலப்பக்கம் ஓடும். சாலையைக் கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பாருங்கள்; இந்தப் பழக்கம் உடம்பில் ஏறக் கொஞ்ச காலம் பிடிக்கும். சாலையோரம் மூடாத சாக்கடைகள், இருட்டில் ஓரமாக ஒதுங்காதீர்கள். சொந்தக் கார் வாங்க நினைத்தால் ஸ்டியரிங் இடப்பக்கம் உள்ளதுதான். வலப்பக்க ஸ்டியரிங் வண்டியைப் பதிவு செய்ய மாட்டார்கள்.

‘ட்ரோட்ரோ’ என்ற மினிவேன்தான் ஊரின் உயிர்நாடி. நடத்துநருக்கு ‘மேட்’ என்று பெயர். ஜன்னல் வழியே தலையை நீட்டி “சர்க், சர்க், சர்க்” என்றால் சர்க்கிள், விரலைக் கீழ்நோக்கிச் சுழற்றினாலும் அதுதான். கட்டணம் எல்லோருக்கும் ஒன்று, வெளிநாட்டவர் என்று கூட்ட மாட்டார்கள். பெரிய நோட்டை நீட்டினால் மட்டும் மேட் முகம் மாறும். சில்லறை சேர்த்து வைப்பதை ஒரு வேலையாகவே செய்யுங்கள்.

மூலைகளில் ஆரஞ்சு நிறம் பூசிய டாக்ஸிகளுக்கு மீட்டர் கிடையாது. ஏறும் முன் பேசி முடிக்க வேண்டும். ‘டிராப்பிங்’ என்றால் வண்டி முழுவதும் உங்களுக்கு, இல்லையென்றால் ஷேர். ஊபர், போல்ட், யாங்கோ செயலிகள் உண்டு. ஓட்டுநர் போன் செய்து எங்கே போகிறீர்கள், காசா மோமோவா என்று கேட்டுவிட்டுத்தான் வருவார். வழி சொல்லத் தெருப்பெயர் உதவாது. கானாபோஸ்ட் ஜிபிஎஸ் செயலியில் உங்கள் வீட்டின் எண் முகவரியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வங்கியிலும் அதைக் கேட்பார்கள். அதோடு பெட்ரோல் நிலையம், சர்ச், மாமரம் என்று ஒரு அடையாளமும் தயாராக இருக்கட்டும்.

8. சந்தையும் சாப்பாடும்

மகோலா, கனேஷி, மதினா சந்தைகளில் காலையிலேயே போய்விட வேண்டும். அரிசி, பயறு, மரவள்ளி மாவான காரி ஆகியவற்றை ‘ஒலோன்கா’ என்ற தகரப் படியில் அளப்பார்கள். குவித்து அளக்கிறார்களா, உள்ளே நசுங்கியிருக்கிறதா என்று கண் அங்கேயே இருக்கட்டும். பேரம் முடிந்ததும் கொசுறு கேளுங்கள். ‘டாஷ்’ என்று கேட்டால் சிரித்துக்கொண்டே இரண்டு தக்காளி கூடப் போடுவார்கள்.

வெங்காயம், தக்காளி, வெண்டை, கத்தரி, தேங்காய், வாழைக்காய், மரவள்ளி, காராமணி எல்லாம் தாராளம். ‘அலேஃபு’ என்று விற்பது நம் தண்டுக்கீரை வகை. முருங்கை மரமும் உண்டு, ஆனால் காயை யாரும் சீண்டுவதில்லை. மரம் வைத்திருக்கும் வீட்டில் கேட்டால் ஆச்சரியத்தோடு பறித்துக் கொடுப்பார்கள். துவரம் பருப்பும் இட்லி அரிசியும் இந்தியக் கடைகளில் கிடைக்கும், விலை கண்ணைக் கட்டும்.

காலையில் தெருவில் விற்கும் ‘ஹவுசா கோகோ’ இஞ்சி, மிளகு போட்ட கம்பங்கூழ். அதோடு தரும் ‘கோசே’ காராமணியை அரைத்துப் பொரித்த வடை. தயங்காமல் சாப்பிடுங்கள். சைவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: “இறைச்சி வேண்டாம்” என்றால் மீன் போட்டுத் தருவார்கள். மீன், கருவாட்டுத்தூள், இறால் என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். மேஜையில் இருக்கும் கறுப்பு மிளகாய்த் துவையலான ‘ஷிட்டோ’விலும் இறால் உண்டு. மீன் சாப்பிடுகிறவர்களுக்கு: செவ்வாய்க்கிழமை இந்தக் கடற்கரையின் ‘கா’ என்ற இனத்து மீனவர்கள் கடலுக்குப் போக மாட்டார்கள். அன்று கிடைப்பது பழைய மீன்.

9. காய்ச்சல் வந்தால்

மலேரியா இங்கே வருடம் முழுவதும் உண்டு. காய்ச்சல் அடித்த அன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். “நாளைக்குப் பார்க்கலாம்” என்று பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுக்க வேண்டாம். கொசுவலை கட்டாயம், ஜன்னல் வலையில் ஓட்டை இருந்தால் குடிபோகும் முன்பே வீட்டுக்காரரை மாற்றச் சொல்லுங்கள். காப்பீட்டில் எந்தெந்த மருத்துவமனை சேரும் என்ற பட்டியலை போனில் வைத்திருங்கள்; முதலில் காசு கட்டச் சொல்லும் இடங்களே அதிகம். அவசர எண் 112. விடுமுறைக்கு ஊருக்குப் போய் அங்கே காய்ச்சல் வந்தாலும், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறேன் என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இங்கே பரவுவது பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை, தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

10. அலுவலகங்களில் காரியம் நடக்க

உள்ளே நுழைந்ததும் தாளை நீட்டாதீர்கள். முதலில் வணக்கம், எப்படி இருக்கிறீர்கள், பிறகு விஷயம். காவலாளியிடமும் அப்படித்தான். கொடுப்பதும் வாங்குவதும் வலக்கையால். நமக்கு இது சிரமமில்லை. ராணுவ இடங்கள், அதிபர் மாளிகை, விமான நிலையம் பக்கம் போனை எடுத்துப் படம் பிடிக்க வேண்டாம். மே, ஜூன் வாக்கில் கா மக்களின் வழக்கப்படி நகரில் ஒரு மாதம் மேளமும் பெருஞ்சத்தமும் தடை. வீட்டு விசேஷம் வைத்தால் தேதியைப் பார்த்து வையுங்கள்.

11. நாள்காட்டியில் குறிக்க வேண்டியவை

வசிப்பு அனுமதி முடிவதற்கு 2 மாதம் முன்பே நிறுவனத்தை நினைவூட்டத் தொடங்குங்கள். கானா அட்டையின் வருடப் புதுப்பிப்பைத் தனியாகக் குறியுங்கள், அனுமதியோடு அது தானாகப் புதுப்பிக்கப்படாது. வாடகை முடிவதற்கு 3 மாதம் முன்பே வீட்டுக்காரரிடம் பேசிவிடுங்கள். கடைசி வாரத்தில் பேசினால் அவர் சொல்வதுதான் விலை, அடுத்த வருட மொத்தத் தொகையும் அப்போது தயாராக இருக்க வேண்டும். முதல் சம்பளத்திலிருந்தே மாதாமாதம் வாடகைப் பங்கை எடுத்து வைத்துவிடுங்கள். ஊருக்குப் பணம் அனுப்புவது அதற்குப் பிறகு.